ஸ்டீம் டெக்கில் எஸ்எஸ்டி மாற்றும்போது

கையடக்க கேம் கருவியான என் ஸ்டீம் டெக்கின் 64 ஜிபி சேமிப்பிடம் இரண்டே கேமில் நிறைந்துவிட்டது. 1 டிபி எஸ்எஸ்டி (சேமிப்பு அட்டை) வாங்கினேன். 2230 (22 மிமீ அகலம், 30 மிமீ நீளம்) அளவுதான் உள்ளே பொருந்தும். நீளமான 2280-க்கு இடமில்லை.

திறக்கும் முன் மைக்ரோ எஸ்டி கார்டை உருவிவிடுங்கள். நான் மறந்தேன், மூடியை நெம்பியதும் ‘டக்’கென்று கார்டு இரண்டானது. பின்பக்கத் திருகுகள் எட்டும் ஒரே நீளமில்லை, கழற்றிய வரிசையிலேயே வையுங்கள். அப்புறம் உலோகத் தகட்டை எடுத்து, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பழைய சேமிப்பு அட்டையின் திருகை எடுத்தால் அதுவே சாய்வாக எழும். அதைச் சுற்றிய வெள்ளி உறையைப் புதியதற்கு மாட்டி, அதே சாய்வில் செருகி அழுத்தித் திருகுங்கள்.

மூடியபின், ஸ்டீம்ஓஎஸ் ரெக்கவரி (டெக்கின் இயங்குதளத்தை மீண்டும் நிறுவும் கோப்பு) ஏற்றிய பென்டிரைவைச் செருகி, வால்யூம் குறைக்கும் பொத்தானோடு பவரை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனு வரும்.