ஆய்வுக் கட்டுரையில் பிறர் எழுத்தை எடுத்தாள்வது எப்படி?

நாளைக்குக் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். இரவு பதினொரு மணி. 'இந்த வரி நான் எழுதியதா, எங்கிருந்தோ எடுத்ததா?' என்று திரையைப் பார்த்து முழித்திருக்கிறேன். அந்தக் குழப்பம் எழுதும்போது வந்ததல்ல, குறிப்பெடுத்தபோதே வந்தது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

1. குறிப்பெடுக்கும்போதே பிரித்து வையுங்கள்

நூலில் உள்ளபடியே எடுத்த வரி என்றால் உடனே மேற்கோள் குறி போட்டு, பக்க எண்ணையும் எழுதிவிடுங்கள். அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. உங்களுக்குத் தோன்றிய எண்ணத்தை வேறு நிறத்தில் எழுதுங்கள்.

2. அப்படியே எடுப்பதா, சொந்த நடையிலா?

சொற்களே முக்கியம் என்றால் அப்படியே எடுங்கள்: வரையறை, சட்டப் பிரிவு, கவிதை வரி, நீங்கள் மறுக்கப்போகும் வாதம். தகவல் மட்டும் போதும் என்றால் சொந்த நடை. பத்திக்குப் பத்தி மேற்கோளாக இருந்தால் உங்கள் குரல் காணாமல் போய்விடும்.

3. சொந்த நடை என்றால் சொல்லை மாற்றுவதல்ல

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நூலில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"தூக்கம் குறையும்போது, புதிதாகப் படித்ததை மூளை நிலைநிறுத்திக்கொள்ளும் திறன் குன்றுகிறது."

இதை ஒருவர் இப்படி மாற்றுகிறார்: "உறக்கம் குறைவுபடும்போது, புதிதாகக் கற்றதை மூளை தக்கவைத்துக்கொள்ளும் ஆற்றல் குறைகிறது."

வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, சட்டைதான் வேறு. கீழே சான்று, அதாவது எந்த நூலிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு, கொடுத்தாலும் இது தவறுதான்.

சரி, என்ன செய்வது? நூலை மூடிவையுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள்: "படித்தது மனதில் தங்கப் போதிய தூக்கமும் வேண்டும்." பிறகு நூலைத் திறந்து, பொருள் மாறவில்லையே என்று சரிபாருங்கள். "தூங்காதவர் தேர்வில் தோற்பார்" என்று எழுதியிருந்தால், ஆசிரியர் சொல்லாததை அவர் வாயில் திணித்துவிட்டீர்கள். சொந்த நடையில் எழுதினாலும் கருத்து அவருடையது, எனவே சான்று கட்டாயம்.

4. பெயரை முன்னால் கொண்டுவாருங்கள்

தமிழில் வினை கடைசியில் வரும். நான்கு வரி நீளமாகச் சொல்லிவிட்டு 'என்கிறார்' என்று முடித்தால், அதுவரை அது உங்கள் கருத்து என்றே வாசகர் நினைத்திருப்பார். ஆசிரியர் பெயரோடு தொடங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. 'கூறுகிறார்', 'வாதிடுகிறார்', 'நிறுவுகிறார்' மூன்றும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். மேற்கோளை வைத்துவிட்டு ஓடிவிடாமல், அது ஏன் அங்கே வந்தது என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

5. சான்று முறை

உங்கள் துறை கேட்பதைப் பின்பற்றுங்கள், இரண்டு முறைகளைக் கலக்காதீர்கள். அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏபிஏ (APA) முறையில் ஆசிரியர் பெயரும் நூல் வெளிவந்த ஆண்டும் வரும். நேர் மேற்கோளுக்குப் பக்க எண்ணும் சேரும். 40 சொல்லோ அதற்கு மேலோ போனால் மேற்கோள் குறி இல்லாமல் உள்தள்ளித் தனிப் பத்தியாக அமைக்க வேண்டும். அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வகுத்த எம்எல்ஏ (MLA) முறையில் பெயரும் பக்கமும் போதும். ஸொடேரோ போன்ற இலவச மென்பொருள் துணைநூற்பட்டியலைத் தானே தயாரித்துத் தரும், ஆனால் அது இழுத்துவரும் விவரங்களில் பிழை இருக்கலாம், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூல நூலைப் படிக்காமல் வேறொரு நூலில் அதைப் பற்றிப் படித்திருந்தால், படித்த நூலையே சான்றாகக் காட்டி, அதன் வழியே எடுத்ததாகச் சொல்லுங்கள்.

6. கடைசியாக ஒரு சரிபார்ப்பு

கட்டுரைக்குள் வரும் ஒவ்வொரு பெயரும் துணைநூற்பட்டியலில் இருக்கிறதா என்று டிக் அடியுங்கள். பிறகு பட்டியலிலிருந்து கட்டுரைக்குத் திரும்பி வாருங்கள். டிக் விழாத நூல் ஏதாவது மிஞ்சினால், ஏபிஏ முறையில் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.