வன்னிக் குடும்பங்களை ஆய்வு செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் குடும்பம், பால்நிலை பற்றி ஆய்வு எழுதும் மாணவர்கள் பலர் வினாக்கொத்தின் முதல் கேள்வியிலேயே சறுக்கிவிடுகிறார்கள்: "குடும்பத் தலைவர் யார்?" வீட்டில் வயதான ஆண் ஒருவர் இருந்தால் அவர் பெயர்தான் பதிலாக வரும். தோட்டத்துக்குத் தண்ணி மாறுவதும் நுண்கடன் தவணை கட்டுவதும் மகளாக இருக்கும். அந்தக் கேள்வியை உடைத்துக் கேளுங்கள். கடைசிக் கடனை எடுக்க முடிவு செய்தது யார்? காணி யார் பெயரில்? நேற்றிரவு இந்த அடுப்பில் சமைத்ததை யார் யார் சாப்பிட்டார்கள்? கட்டாரில் இருக்கும் மகன் சாப்பிடவில்லை, ஆனால் கடனுக்குத் தலையாட்டியது அவராக இருக்கலாம்.

"விதவை" என்ற கட்டம் இதைவிட மோசம். போரில் கணவரை இழந்தவரையும், கணவர் காணாமல் ஆக்கப்பட்டவரையும் அதற்குள் ஒன்றாகப் போட்டால் தரவே கெட்டுப்போகும். பின்னவர் பொட்டோடுதான் இருப்பார். மரணச் சான்றிதழை வேண்டாம் என்றிருப்பார். அதற்குப் பதிலாக, காணாமற்போனதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெற 2016இல் சட்டம் இடம் கொடுத்தது. எந்தச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்று கேட்டே பிரியுங்கள். காரணம், வடபகுதித் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் எங்கே என்றே தெரியாதவர் அதற்காக மாவட்ட நீதிமன்றம் ஏறவேண்டும். விதவைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அதற்காக எல்லோர் மீதும் தேசவழமையைப் போர்த்திவிடாதீர்கள். 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களும் முஸ்லிம்களும் இங்கே இருக்கிறார்கள். குடியேற்றத் திட்டங்களில் அரசு அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த பெர்மிட் காணிக்குப் பொருந்துவதோ 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளர் பெயரைப் பெர்மிட்காரர் குறிக்காவிட்டால் ஆண் வாரிசுக்கே அதில் முதலிடம் இருந்தது, 2022இல்தான் மாற்றினார்கள்.

போர் பெண்களைத் தலைமைக்குக் கொண்டுவந்தது என்ற முடிவுரையை முன்கூட்டியே எழுதி வைக்காதீர்கள். ஆடைத்தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்தபின் சமைப்பது யார் என்பதையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பாலியல் நாட்டம் பற்றிய கேள்விகளை மாமியார் இருக்கும் விறாந்தையில் வைத்துக் கேட்பது கொடுமை. மணமாகாதவர் என்பதை வைத்து எதையும் ஊகிக்கவும் கூடாது. ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365ஏ பிரிவு தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கும்போது, பெயரை மாற்றினால் போதும் என்பது அசட்டுத்தனம். சிறிய ஊரில் "33 வயது, ஆடைத்தொழிற்சாலை, மணமாகாதவர்" என்ற ஒரு வரியே ஆளைக் காட்டிக் கொடுக்கும். வயதை 30–39 என்று எழுதுங்கள். தொழிலைப் பொதுவாகச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரைத் தவிர்த்து மாவட்டத்தோடு நிறுத்துங்கள்.