ஐந்தாம் கியரிலிருந்து நாலு போடப்போய் இரண்டு விழுந்தால்: எஞ்சினுக்கு என்ன ஆகும், என்ன செய்வது

ஓட்டோ கியர் கார்கள் பெருகிவிட்டாலும் திருமலையில் (திருகோணமலையில்) மெனுவல் கார்களுக்கும் வான்களுக்கும் குறைவில்லை. பழைய மாருதி, கொரோலா, டவுன்ஏஸ் என்று ஏதாவது ஒன்றில்தான் பலரும் கை பழகுகிறார்கள். லேர்னர்ஸில் கிளச் விடுவதையும் ரிவர்ஸ் எடுப்பதையும் சொல்லித் தருவார்கள். வேகமாகப் போகும்போது பிழையான கியர் விழுந்தால் என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. கார் பழகி ஒன்றிரண்டு மாதமே ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில்: எந்தப் பிழை எஞ்சினைக் கொல்லும்?

கியர் மாற்றும்போது மூன்று விதமாகப் பிழை விடலாம்.

கியர் விழாமல் நியூட்ரலில் நின்றுவிட, நாம் எக்ஸிலேட்டரை மிதித்துவிடுவது ஒன்று. எஞ்சின் கத்தும். ஓரளவு புதிய கார் என்றால், ஆர்பிஎம் (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுழலும் எண்ணிக்கை) எல்லை மீறும்போது கம்ப்யூட்டரே பெற்றோலை நிறுத்திவிடும். காபரேட்டர் வைத்த பழைய வாகனங்களில் பெரும்பாலும் அந்தக் காவல் கிடையாது. காலை எடுத்தால் சரி.

இரண்டாவது, கிளச் முழுவதும் இறங்காமல் கியரை இடித்துப் போடுவது. 'கிர்ர்' என்ற சத்தம் கேட்கும். தேய்வது கியர்பெட்டி, எஞ்சினுக்கு ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் பொல்லாதது. மேல் கியரிலிருந்து ஒரு கியர் குறைப்பதாக நினைத்து மூன்று கியர் குறைத்துவிட்டு, கிளச்சையும் விட்டுவிடுவது. அந்த நொடியில் எஞ்சின் சில்லைச் சுற்றுவதில்லை, சில்லுதான் எஞ்சினைச் சுற்றுகிறது. சின்னப் பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிளைப் பின்னால் இருந்து வேகமாகத் தள்ளினால் பெடல் காலை மீறிச் சுழலுமே, அதேதான். கம்ப்யூட்டர் பெற்றோலை நிறுத்தினாலும் பயனில்லை. எஞ்சினைச் சுழற்றுவது பெற்றோல் அல்ல, வாகனத்தின் எடையும் வேகமும்.

படி 1: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பயப்படுவதற்கு முன் எஞ்சின் எவ்வளவு சுழன்றிருக்கும் என்று பார்த்துவிடலாம். சின்னப் பெற்றோல் கார் ஒன்றின் கியர் விகிதங்கள் ஏறக்குறைய இப்படி இருக்கும்: முதலாவது 3.5, இரண்டாவது 1.9, மூன்றாவது 1.3, நான்காவது 0.95, ஐந்தாவது 0.8. உங்கள் காரின் சரியான எண்கள் கையேட்டிலோ இணையத்திலோ கிடைக்கும்.

பழைய கியரில் இருந்த ஆர்பிஎம்மைப் புதிய கியரின் எண்ணால் பெருக்கி, பழைய கியரின் எண்ணால் வகுக்க வேண்டும்.

ஐந்தாவது கியரில் 2400 ஆர்பிஎம்மில் போகிறீர்கள். இந்த மாதிரிக் காரில் அது மணிக்கு 70 கிலோமீற்றர் அளவு. நான்கு விழுந்தால் 2850. இரண்டு விழுந்தால் 5700. எஞ்சின் அலறும், கார் முன்னால் குத்தும், ஆனால் ஆர்பிஎம் மீற்றரின் சிவப்புக் கோடு (தாண்டக் கூடாத எல்லை) 6000க்கு மேல் இருக்கிற எஞ்சின் தாங்கிவிடும். இதே பிழையை 3000 ஆர்பிஎம்மில், அதாவது 90க்குக் கொஞ்சம் குறைந்த வேகத்தில் செய்தால் 7125. சிவப்புக் கோடு தாண்டிவிட்டது. எழுபதில் முதலாம் கியரைத் திணித்தால் 10,500. அதைத் தாங்குகிற சாதாரண எஞ்சின் கிடையாது.

சுழற்சி கூடக்கூட, சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனையும் அதைக் கிராங்கோடு இணைக்கும் தண்டான கொன்ரொட்டையும் இழுக்கும் விசை அதன் வர்க்கமாகக் கூடும். 6500 ஆர்பிஎம்முக்கும் 8000க்கும் பெரிய வித்தியாசம் இல்லை போலத் தோன்றும். ஆனால் விசை ஒன்றரை மடங்கு. பெரும்பாலும் முதலில் தோற்பது வால்வ் ஸ்பிரிங், அதாவது சிலிண்டரின் வாயிலான வால்வை மூடும் சுருள். வால்வை அது மூடி முடிப்பதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிடும். பல எஞ்சின்களில் இரண்டும் முட்டி வால்வ் வளையும். இன்னும் கூடினால் வால்வையும் பிஸ்டனையும் ஒரே கணக்கில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட் பல் தாண்டலாம், கொன்ரொட் போல்ட் நீளலாம், கடைசியில் கொன்ரொட் முறிந்து புளொக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம்.

படி 2: அந்த நொடியில்

கிளச்சை மிதியுங்கள். வேறெதையும் யோசிக்க வேண்டாம். எஞ்சினுக்கும் சில்லுக்கும் உள்ள தொடர்பு அறுந்தால் போதும். பிரேக்கில் பாய வேண்டாம். பிழையான கியரே ஓடுகிற சில்லுகளைப் பிடித்து இறுக்கியிருக்கும், டவுன்ஏஸ் மாதிரிப் பின்சில்லு இழுக்கும் வானில் பின்பக்கம் விலகப் பார்க்கும். மார்கழி மழையில் நிலாவெளி வீதி நனைந்து கிடக்கும்போது நடந்தால் எஞ்சினை விட உங்கள் உயிர்தான் முதலில் கவனிக்க வேண்டியது. ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சிக்னல் போட்டு, இடது ஓரம் எடுங்கள்.

படி 3: காதால் பாருங்கள்

எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் பொனட்டைத் திறந்து கேளுங்கள். எக்ஸிலேட்டரை முறுக்கிப் பார்க்கக் கூடாது.

மேல்பக்கம் 'டிக் டிக்' என்று மெல்லிய சத்தம் வந்தால் வால்வ், ரொக்கர் பக்கம் ஏதோ ஆகியிருக்கிறது. கீழே இருந்து 'டொக் டொக்' என்று கனமாக இடித்தால் கொன்ரொட் பெயாரிங். அந்தச் சத்தத்தோடு ஒரு கிலோமீற்றர்கூட ஓட்டக் கூடாது. சத்தமே இல்லாமல் எஞ்சின் உதறிக்கொண்டே ஓடினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். ஒயில் விளக்கு எரிந்தாலும், கனமான சத்தம் கேட்டாலும் உடனே நிறுத்துங்கள்.

எஞ்சின் தானாக நின்றுவிட்டதா? திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீர்கள். நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலை இது. பெல்ட் பல் தாண்டியிருந்தால் ஒவ்வொரு அடியிலும் பிஸ்டன் இன்னொரு வால்வைத் தட்டும். முள்ளிப்பொத்தானையில் நின்றாலும் கட்டி இழுத்துக்கொண்டு திருமலைக்கு வாருங்கள். இழுவைக் கூலி ஒரு சிலிண்டர் ஹெட்டின் விலையோடு பார்த்தால் சில்லறை.

படி 4: ஒயில்

எஞ்சின் ஆறிய பிறகு ஒயில் கம்பியை இழுத்து, வெள்ளைத் துணியில் துடைத்து வெயிலில் சரித்துப் பாருங்கள். வெள்ளித்தூள் போல மின்னினால் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. கராஜில் ஒயிலை வடிக்கும்போது ஒயில் பில்டரையும் வெட்டித் திறந்து காட்டச் சொல்லுங்கள். தூள் மடிப்புகளுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

படி 5: கராஜில் கொம்பிரஷன் பார்ப்பது

ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பதுதான் இது. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சத்தம் ஒன்றும் இல்லை, கார் நன்றாகத்தான் ஓடுகிறது என்றாலும், படி 1இன் கணக்கு சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தால் பார்த்தே ஆக வேண்டும். கொஞ்சமாக வளைந்த வால்வ் முதல் நாளே காட்டிக்கொடுக்காது. சரியாக மூடாமல் கசிந்து, ஓரம் எரிந்து, பிறகுதான் எஞ்சின் உதறத் தொடங்கும்.

செய்யும் முறை இது. முதலில் கிராங்க் புலியில் (எஞ்சினின் பெல்ட் ஓடும் கப்பியில்) ஸ்பானர் போட்டு எஞ்சினைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது 'கட்' என்று தட்டி நின்றால் அதோடு நிறுத்த வேண்டும், பலம் கொடுக்கக் கூடாது. டைமிங் குறிகள் நேராக நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அதெல்லாம் சரி என்றால் எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பெற்றோல் பம்பையும் துண்டித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் மீற்றரைப் பொருத்தி, எக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி நாலைந்து அடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். கழற்றிய பிளக்குகளைத் தூக்கிப் போட வேண்டாம். ஏதாவது ஒன்றின் முனை நசுங்கியிருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் உடைந்த துண்டு கிடக்கிறது.

நல்ல பெற்றோல் எஞ்சினில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காட்டும். எண்ணை விட முக்கியம், சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். மூன்று சிலிண்டர் எஞ்சினில் 170, 165, 170 என்றால் நிம்மதி. 170, 60, 165 என்றால் நடுச் சிலிண்டர் போய்விட்டது. அதில் ஒரு தேக்கரண்டி ஒயில் ஊற்றி மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் பக்கம் கசிவு. அப்படியே 60இல் நின்றால் வால்வ்தான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். காற்றடித்துப் பார்க்கும் வசதி உள்ள கராஜ் என்றால் இன்னும் தெளிவு: சைலன்சரில் 'உஸ்' என்று கேட்டால் எக்ஸோஸ்ட் வால்வ், எயார் பில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வ், ஒயில் மூடியில் கேட்டால் பிஸ்டன் அல்லது ரிங்.

படி 6: செலவு பேசும்போது

'எஞ்சினையே மாற்றுங்கள், ஜப்பான் எஞ்சின் ஒன்று இருக்கிறது' என்று உடனே சொல்பவரிடம் முதலில் கொம்பிரஷன் எண்களைக் கேளுங்கள். எண்ணே இல்லாமல் எஞ்சின் மாற்றச் சொன்னால் வேறு கராஜுக்குப் போங்கள். ஒயிலில் தூள் இல்லை, கீழே சத்தம் இல்லை, வால்வ் மட்டும் வளைந்திருக்கிறது என்றால் ஹெட்டைக் கழற்றி வால்வ், சீல், கஸ்கட் மாற்றி, வால்வ் கைட்டையும் பார்த்து, தேவைப்பட்டால் ஹெட்டைச் சீவி முடிக்கலாம். ஹெட்டைக் கழற்றியதும் நீங்களே போய் பிஸ்டன் தலையைப் பாருங்கள். கரிப்படலத்தின் மேல் வால்வ் முட்டிய இடம் பிறை வடிவில் பளிச்சென்று தெரியும். கீழ்ப்பக்கமும் அடிபட்டிருந்தால்தான் எஞ்சின் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

அப்படி மாற்றினால், வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருப்பதை மறக்க வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்த வேண்டும். காப்புறுதியில் காசு கிடைக்கும் என்று அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இயந்திரக் கோளாறைப் பொதுவாக அவர்கள் ஏற்பதில்லை.

படி 7: கையைப் பழக்குவது

வெளிநாட்டு வீடியோக்களில் மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போதுதான் ஆபத்து என்பார்கள். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். வலது கையால் கியரை இழுக்கும்போது கை தன்பக்கமாக வந்து இரண்டுக்குள் விழுந்துவிடும். நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், கியர் இடது கையில். நாம் தன்பக்கம் இழுத்தால் ஐந்தின் பக்கம்தான் போகும். இரண்டு இருப்பது நம்மை விட்டுத் தள்ளும் திசையில். ஆகவே நமக்குப் பொல்லாத இடம் ஐந்திலிருந்து நான்குக்கு இறங்கும்போதுதான்: 'தள்ளி இழுக்க வேண்டும்' என்ற நினைப்பில் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டால் நான்கைத் தாண்டி இரண்டு.

இதற்கு மருந்து, தள்ளாமல் விடுவது. பெரும்பாலான ஐந்து கியர் கார்களில் நியூட்ரலுக்கு வந்த லீவரை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தானாக நடுவுக்கு, மூன்று நான்கின் பாதைக்கு, கொண்டுவந்துவிடும். வீட்டு வளவில் எஞ்சினை நிறுத்தி, கிளச்சை மிதித்து, ஐந்தில் போடுங்கள். விரல் நுனிகளால் நியூட்ரலுக்கு இழுத்து, கையை எடுத்துவிடுங்கள். லீவர் தானே நடுவுக்கு நகர்வதைக் கண்ணால் பாருங்கள். பிறகு உள்ளங்கையைத் திறந்தபடி லீவரின் மேல் வைத்து நேர் கீழே இழுங்கள். நான்கு விழும். லீவரை முஷ்டியாகப் பிடிக்கிறவர்கள்தான் ஸ்பிரிங்கோடு சண்டை பிடிக்கிறார்கள்.

அப்புறம், அவசரம். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும்போது யானை வீதிக்கு வரும். ஊருக்குள் என்றால் மாடு. அந்தப் பதற்றத்தில்தான் கை பிழைக்கும். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள், கியர் பிறகு. 40க்கு இறங்கிவிட்டால் இரண்டு விழுந்தாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது.

கியர் உள்ளே போக மறுத்தால் அழுத்திப் போடாதீர்கள். வேகத்துக்குப் பொருந்தாத கியரை, கியர்பெட்டிக்குள் வேகங்களைச் சமப்படுத்தும் சின்க்ரோ எதிர்த்து நிற்கிறது. நியூட்ரலுக்கு வந்து மறுபடி பாருங்கள். கியர் விழுந்த பிறகும் கிளச்சை மெதுவாக விடுங்கள். கார் முன்னால் குத்தத் தொடங்கியதுமே திரும்ப மிதித்தால் பல எஞ்சின்கள் தப்பிவிடும்.

லீவர் நியூட்ரலில் லொடலொட என்று ஆடினாலோ, நடுவுக்குத் திரும்பாமல் சாய்ந்து நின்றாலோ, குறை உங்கள் கையில் இல்லாமலும் இருக்கலாம். லீவருக்குக் கீழே உள்ள இணைப்புகளின் புஷ் தேய்ந்திருக்கும், எஞ்சின் மவுண்ட் தொய்ந்திருக்கும். கடலோரத்தில் நிற்கிற வாகனங்களில் உப்புக் காற்றால் இந்த இணைப்புகள் துருவேறியும் போகும். அடுத்த சேர்விஸில் வாகனத்தை மேலே தூக்கும்போது அந்த புஷ்களை ஒருமுறை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.