சம்பளத்தோடு படித்து டவுன் பிளானர் ஆவது எப்படி? இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு

ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் நம் வீடுகளில் 'பிளானிங்' என்ற பேச்சு எழுவது பெரும்பாலும் பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் கட்டும்போதுதான். கவுன்சிலில் அந்த விண்ணப்பத்தைப் பார்த்து முடிவு எழுதுகிறவர் பிளானிங் ஆபீசர். பிளஸ் டூ வயதுப் பிள்ளை ஒரு பைசா கல்லூரிக் கட்டணம் இல்லாமல் அந்த வேலைக்குப் போக வழி இருக்கிறது. அதன் பெயர் சார்ட்டர்ட் டவுன் பிளானர் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப். லெவல் 7, அதாவது முதுகலைக்குச் சமம். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கலாம். படிப்புச் செலவை முதலாளியும் அரசும் பார்த்துக்கொள்வார்கள். 2025-26இல் சாதாரண டிகிரிக்கு ஆண்டுக் கட்டணம் 9,535 பவுண்டு வரை என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

படி 1: வயதும் விசாவும்

இதை முதலில் பார்த்துவிடுங்கள். 2026 ஜனவரியிலிருந்து லெவல் 7 பயிற்சிகளுக்கு அரசுப் பணம் பெரும்பாலும் 16 முதல் 21 வயதில் சேர்கிறவர்களுக்கு மட்டுமே. அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர்கள் போன்ற சிலருக்கு 25 வயதுக்குள் சலுகை உண்டு. வயது தாண்டிவிட்டதா? லெவல் 4 டவுன் பிளானிங் அசிஸ்டென்ட் பயிற்சியைத் தேடுங்கள், அதற்கு இந்தத் தடை இல்லை.

பொதுவாகக் கடந்த மூன்று ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும், வேலை செய்யும் உரிமையும் வேண்டும். ஸ்டூடன்ட் விசாவில் வந்து இதில் சேர முடியாது. "சேர்த்து விடுகிறேன்" என்று ஊரில் எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

படி 2: ஒரு ஃபைலை முழுதாகப் படியுங்கள்

விண்ணப்பிக்கும் முன் இதைச் செய்கிறவர்கள் குறைவு. எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் பிளானிங் விண்ணப்பங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் தெருப் பெயரைப் போட்டு, நிராகரிக்கப்பட்ட ஒரு எக்ஸ்டென்ஷனைத் திறந்து, வரைபடங்களைத் தள்ளி வைத்துவிட்டு ஆபீசர் எழுதிய அறிக்கையைப் படியுங்கள்.

பக்கத்து வீட்டார் மூன்று காரணம் எழுதியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம்: என் வீட்டு விலை இறங்கும், என் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி மறையும், என் சமையலறை இருட்டாகும். முதல் இரண்டையும் ஆபீசர் கணக்கில் எடுக்க மாட்டார். மூன்றாவதைத்தான் எடுப்பார். பல கவுன்சில்களில் அதற்கு ஒரு அளவுகோல் உண்டு. பக்கத்து வீட்டு ஜன்னலின் நடுவிலிருந்து 45 டிகிரியில் ஒரு கோடு போடுவார்கள். புதுச் சுவர் அந்தக் கோட்டைத் தாண்டினால் வெளிச்சம் போகிறது என்று சந்தேகப்படலாம். இந்த வேலையில் கை வர வேண்டியது இதுதான். கோபத்தோடு வரும் கடிதங்களிலிருந்து சட்டத்துக்கு உட்பட்ட காரணத்தைப் பிரித்தெடுத்து, எளிய ஆங்கிலத்தில் எழுதுவது. படம் வரையத் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படி 3: முதலில் வேலை, பிறகு பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகச் சேர்க்கைத் தளமான யூகாஸில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் வழி இதற்குப் பொருந்தாது. உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம்தான் படிப்பில் சேர்க்கும். அரசின் 'ஃபைண்ட் அன் அப்ரென்டிஸ்ஷிப்' தளத்தில் தேடுங்கள், கவுன்சில்களின் வேலைப் பக்கங்களையும் தனியார் ஆலோசனை நிறுவனங்களையும் பாருங்கள். லண்டன் சவுத் பேங்க், பிரிஸ்டலின் யூடபிள்யூஇ, லீட்ஸ் பெக்கெட் போன்றவை இந்தப் படிப்பை நடத்தி வந்திருக்கின்றன. புது விதிக்குப் பிறகு இந்த ஆண்டு ஆள் சேர்க்கிறார்களா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். ஏ லெவலும், ஜிசிஎஸ்இயில் ஆங்கிலமும் கணக்கும் பொதுவாகக் கேட்பார்கள்.

சம்பளம்: அப்ரென்டிஸுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சம் 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 8 பவுண்டு. விளம்பரத்தில் இதைவிடக் கூடுதலாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: நேர்காணல்

"நகரங்கள் எனக்குப் பிடிக்கும்" என்று சொல்கிற பத்துப் பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் படித்த ஃபைலைப் பற்றிப் பேசுங்கள். அந்தக் கவுன்சிலின் லோக்கல் பிளானில், அதாவது அந்தப் பகுதியின் வளர்ச்சித் திட்ட ஆவணத்தில், எங்கே வீடுகள் வரப்போகின்றன என்று பார்த்துவிட்டுப் போங்கள். நாடு முழுவதற்குமான பிளானிங் கொள்கை ஆவணம் என்பிபிஎஃப். 2024 டிசம்பரில் அதைத் திருத்தினார்கள். அந்த மாற்றத்தில் ஒன்றாவது தெரிந்திருப்பது நல்லது.

படி 5: சேர்ந்த பிறகு

பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாள் படிப்பு, மற்ற நாட்கள் அலுவலகம். சிறு விண்ணப்பங்களுக்கு 8 வாரம், பெரியவற்றுக்கு 13 வாரம் என்று கெடு உண்டு. அசைன்மென்ட் கெடுவும் அதே வாரத்தில் வந்து நிற்கும். டிகிரி இல்லாமல் சேர்கிறவர்களுக்கு இது சில ஆண்டுகள் நீளும் ஓட்டம், வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

முதல் வாரத்திலிருந்தே ஒரு குறிப்பேடு வையுங்கள். "குழுவாகச் செய்தோம்" என்று எழுதாதீர்கள். எந்த வீடு, என்ன சிக்கல், நான் என்ன பரிந்துரைத்தேன், ஏன் என்று எழுதுங்கள். கடைசியில் வரும் மதிப்பீட்டில் உங்கள் சொந்த முடிவுகளைத்தான் துருவித் துருவிக் கேட்பார்கள். அந்த மதிப்பீடு 1914இல் தொடங்கிய ஆர்டிபிஐ (ராயல் டவுன் பிளானிங் இன்ஸ்டிடியூட்) என்ற டவுன் பிளானர்கள் அமைப்பின் உறுப்பினர் தகுதியோடு இணைந்தது. தேறி உறுப்பினரானால் பெயருக்குப் பின்னால் எம்ஆர்டிபிஐ என்று போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகும் இரண்டு ஆண்டுக்கு 50 மணி நேரம் புதிதாகக் கற்றதற்குக் கணக்குக் காட்ட வேண்டும், ஆகவே அந்தக் குறிப்பேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.