போட்டோக்கள் நிறைந்த பழைய ஹார்டு டிஸ்கைச் சர்வரில் சேர்ப்பது எப்படி?

வீட்டுக்கென்று முதல் சேமிப்பு சர்வர் அமைப்பவர் புது டிஸ்கோடு தொடங்குவது அரிது. பழைய கணினியில் கழற்றியது ஒன்று, கல்யாண வீடியோ இருப்பது இன்னொன்று என்றுதான் சேர்த்து வைத்திருப்போம். சர்வர் மென்பொருள்களோ பெரும்பாலும் காலி டிஸ்கைத்தான் எதிர்பார்க்கின்றன. ட்ரூநாஸ் என்ற சர்வர் மென்பொருளில் புதிய சேமிப்புத் தொகுதி உருவாக்கினால், அதில் சேரும் டிஸ்குகள் துடைக்கப்படும். டெபியன் லினக்ஸ் மேல் இயங்கும் இலவச ஓப்பன்மீடியாவால்ட், தரவோடு இருக்கும் டிஸ்கையும் ஏற்றுக்கொள்ளும். அதை நிறுவி, நிர்வாகப் பக்கம் வரை வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: விண்டோஸிலேயே முடிக்க வேண்டியவை

டிஸ்கைக் கழற்றும் முன், ஷிப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். வழக்கமான ஷட் டவுனில், விண்டோஸை வேகமாகத் திறக்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி குறுக்கிட்டு, டிஸ்கைப் பாதி திறந்த நிலையிலேயே விட்டுவிடும். பிறகு லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும். சில நேரம் திறக்கவே மறுக்கும். டிஸ்கைப் பூட்டும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் நீக்கிவிடுங்கள். யுஎஸ்பி டிஸ்கின் பெட்டியை உடைக்க அவசரப்பட வேண்டாம். சில மாடல்களில் பெட்டிக்குள் இருக்கும் சிப்பே தரவைக் குறியாக்கம் செய்கிறது. வெளியே எடுத்த டிஸ்கைப் படிக்க முடியாது.

படி 2: ஒவ்வொன்றாக இணையுங்கள்

சர்வரை அணைத்து, ஒரு டிஸ்கை மட்டும் இணைத்து, மீண்டும் இயக்குங்கள். 'ஸ்டோரேஜ்', 'டிஸ்க்ஸ்' பக்கத்தில் அதன் சீரியல் எண் தெரியும். அதை ஸ்டிக்கரில் எழுதி டிஸ்கின் மேல் ஒட்டுங்கள். லினக்ஸ் டிஸ்குகளுக்குத் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் அவை இடம் மாறக்கூடும். 2 டெராபைட் டிஸ்க் 1.82 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், கணக்கிடும் அலகுதான் வேறு. இதே பக்கத்தில், டிஸ்கைத் துடைக்கும் 'வைப்' என்றொரு பொத்தானும் உண்டு. இப்போதைக்கு அதன் பக்கமே போகாதீர்கள்.

அடுத்து, டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் பக்கத்தில் 5, 197, 198 ஆகிய வரிசைகளைப் பாருங்கள். 197-இன் 'ரா வேல்யூ' கட்டத்தில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் நின்றால், படிக்க முடியாத பகுதிகள் இருக்கின்றன என்று பொருள். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அதை நகலெடுங்கள்.

படி 3: மவுன்ட் (டிஸ்கைச் சர்வரில் திறப்பது)

'ஃபைல் சிஸ்டம்ஸ்' பக்கத்தில் கூட்டல் குறி புதிதாக உருவாக்குவதற்கு, அதாவது அழிப்பதற்கு. உங்களுக்கு வேண்டியது பக்கத்திலுள்ள முக்கோணக் குறி. அதை அழுத்தி டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, மேலே வரும் மஞ்சள் பட்டையில் டிக் செய்தால் மாற்றம் அமலாகும்.

படி 4: பகிர்வு

'ஷேர்டு ஃபோல்டர்ஸ்' பக்கத்தில்தான் பலரும் அலறுகிறார்கள். பெயர் கட்டத்தில் போட்டோஸ் என்று அடித்ததும், 'ரிலேட்டிவ் பாத்' கட்டத்திலும் அதே பெயர் தானாக ஏறிக்கொள்ளும். அப்படியே சேமித்தால் அந்தப் பெயரில் புதிதாக ஒரு காலி ஃபோல்டர் உருவாகும். திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. படங்களெல்லாம் போய்விட்டன என்று தோன்றும். எதுவும் போகவில்லை, நீங்கள் நிற்பது பக்கத்து அறை. கட்டத்தின் ஓரத்திலுள்ள குறியை அழுத்தி, ஏற்கெனவே உள்ள ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, வீட்டு நெட்வொர்க்கில் ஃபோல்டர்களைப் பகிரும் எஸ்எம்பி சேவையை இயக்கி, இந்த ஃபோல்டரை அதில் சேர்த்தால் வீட்டுக் கணினிகளில் திறந்துவிடும்.

படி 5: என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து விடுதலை

இங்கேயே நின்றுவிடலாம்தான், ஆனால் நான் நிற்க மாட்டேன். டிஸ்கில் கோப்புகளை அடுக்க விண்டோஸ் பயன்படுத்தும் முறையான என்டிஎஃப்எஸ்ஸில் லினக்ஸின் கோப்பு உரிமைகள் ஒழுங்காக உட்காருவதில்லை. பழுது பார்க்கவும் விண்டோஸ்தான் தேவைப்படும். அதனால் காலி டிஸ்க் ஒன்று மட்டும் வாங்கி, அதை லினக்ஸின் முறையான இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். முதல் டிஸ்கின் தரவை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் அதற்கு நகலெடுங்கள். கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, சில வீடியோக்களைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். அதன்பிறகே பழையதை ஃபார்மேட் செய்து, அடுத்த டிஸ்கின் தரவை அதற்கு மாற்றுங்கள்.

பல டிஸ்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு எடுத்தவுடன் வேண்டாம். அதை உருவாக்கவும் காலி டிஸ்குகள்தான் வேண்டும். தவறுதலாக அழித்த கோப்பை அது மீட்டுத் தரவும் தராது. இப்படி எல்லா டிஸ்குகளின் தரவையும் மாற்றி முடித்ததும் ஒரு டிஸ்க் காலியாக மிஞ்சும். அதில் முக்கியமான ஃபோல்டர்களின் நகலை எடுத்து, சர்வரிலிருந்து கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை இணைத்து நகலைப் புதுப்பித்தால் போதும்.