ஆர்விஆர் எண் ஆடும்போது என்ன செய்வது?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கமிருந்து விமானம் ஓட்டப் படிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆர்விஆர் என்பது ஓடுபாதையில் விமானிக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று சொல்லும் அளவு. அது மீட்டர் கணக்கில் வருகிறது என்பதற்காக, ஓடுபாதை முழுக்க அவ்வளவு தூரம் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். ஓரத்தில் நிற்கிற கருவி தன் எதிரே இருக்கிற கொஞ்சம் காற்றைத்தான் அளக்கிறது. பனி திட்டுத் திட்டாக நகர்ந்தால் எண் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், லென்ஸில் சிலந்திவலை படிந்தாலும் மாறும்.

டவர் சொல்வது 1 நிமிடச் சராசரி, மீட்டாரில், அதாவது விமான நிலைய வானிலை அறிக்கையில், இருப்பது 10 நிமிடச் சராசரி. இறங்கும்போது டவர் சொல்வதை எடுங்கள். மீட்டாரில் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லும்: யூ என்றால் கூடுகிறது, டி என்றால் குறைகிறது.

சக்கரம் தொடும் இடம், நடு, கடைசி என்று மூன்று அளவையும் கேட்டு வாங்குங்கள். ஒன்று 1200, பக்கத்தில் 350 என்றால் அது பனித்திட்டா, கருவிக் கோளாறா என்று காக்பிட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது, குறைந்ததே உண்மை என்று வைத்துத் திட்டமிடுங்கள். கேட் 1 இறக்கத்துக்கு, அதாவது கருவி காட்டும் வழியில் இறங்குவதில் முதல் வகைக்கு, பொதுவாக 550 மீட்டர் வேண்டும், 1000 அடிக்கு வருவதற்கு முன்பே தொடும் இட அளவு உங்கள் மினிமத்துக்கு, அதாவது இறங்க வேண்டிய குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டால் 1000 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. முன்னால் இறங்கியவர் "நல்லாத் தெரியுது" என்று சொன்னாலும் சரி. 1000 அடியைத் தாண்டியபின் குறைந்தால் முடிவு உயரம் வரை, அதாவது இறங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உயரம் வரை போகலாம், அங்கே விளக்கு தெரியாவிட்டால் கோ அரவுண்ட்தான், இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிட வேண்டும்.

தெரிந்தாலும் ஜாக்கிரதை. ரத்தினகிரி மலைமேல் நின்றால் மார்கழிப் பனிக்குள்ளும் கீழே வயல், ரோடு எல்லாம் தெரியும், இறங்கி அதே ரோட்டில் நின்றால் எதிரே வரும் லாரி தெரியாது. தாழ்ந்த பனியில் ஓடுபாதையும் அப்படித்தான், மேலிருந்து முழுசாகத் தெரிந்தது, சக்கரம் தொடுமுன் மூக்கைத் தூக்கும் ஃப்ளேரில் மறையும். அப்போது விமானத்தின் மூக்கை அழுத்தித் தேடாதீர்கள், உடனே டோகா, அதாவது மேலே ஏற இன்ஜின் விசையைக் கூட்டுங்கள். விளக்கு கண்ணைக் கூசினால் குறைக்கச் சொல்லி டவரிடம் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அப்புறம் எரிபொருள். போகிப் புகை மூடிய காலையில் சென்னையில் இறங்க முடியாவிட்டால் போக மாற்று நிலையம் பெங்களூரு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள், தையில் அங்கேயும் பனி இறங்கும். இரண்டு ஊர் வானிலையையும் பார்த்துவிட்டு, வெயில் ஏறும்வரை சுற்றிக் காத்திருக்கவும் சேர்த்து நிரப்பச் சொல்லுங்கள்.