பிராஸ் பேண்டில் புதிதாக உட்காருகிறவருக்கு

வீட்டில் தனியாக நன்றாக ஊதுகிறவர்கூட பேண்டுக்குள் வந்த முதல் சில வாரங்கள் தடுமாறுவார். சுரம் தெரியும், விரலும் ஓடும். ஆனால் சுற்றிலும் இருபது பேர் ஊதும்போது தன் ஒலி எது என்றே பிடிபடாது. உடனே சத்தத்தைக் கூட்டுவார். உதடு சீக்கிரம் சோர்ந்துவிடும், சுருதி விலகும். விரலுக்கும் உதட்டுக்கும் உரிய வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு வந்தால்தான் ஒத்திகையில் காது வேலை செய்யும். கீழே உள்ளவை அதற்கான ஏற்பாடுகள்.

எந்தக் கருவி, எந்த இருக்கை

பிராஸ் பேண்டு என்பது பித்தளை ஊதுகருவிகளின் குழு. பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற அந்த அமைப்பில் ஊதுகிறவர்கள் 25 பேர். இ ஃப்ளாட் சோப்ரானோ கார்னெட் 1, பி ஃப்ளாட் கார்னெட் 9, ஃப்ளூகல்ஹார்ன் 1, டெனர் ஹார்ன் 3, பாரிட்டோன் 2, யூஃபோனியம் 2, டிராம்போன் 3, பாஸ் என்று அழைக்கப்படும் டியூபா 4. தாளக் கருவிக்காரர்கள் தனி. கார்னெட் ஒன்பதில் நால்வர் சோலோ, ஒருவர் ரிப்பியானோ (சோலோவுக்குத் துணையான தனிப் பாகம்), இரண்டாம் கார்னெட்டுக்கு இருவர், மூன்றாம் கார்னெட்டுக்கு இருவர். வேலைக்குப் போய்வந்து வாசிப்பவர்களின் பேண்டில் ஆள் குறைவது சகஜம். சோலோ கார்னெட்டில் இருவர் வராவிட்டாலும் பாட்டு ஓடிவிடும். பாஸ் ஒருவர்கூட இல்லையென்றால் அன்றைய ஒத்திகையில் சுருதி சேராது.

பாஸ் டிராம்போனையும் தாளக் கருவிகளையும் தவிர மற்ற எல்லோருக்கும் ட்ரெபிள் கிளெஃபில்தான் (மேல் சுரங்களுக்கான இசைக்குறியில்) எழுதியிருக்கும். தாளில் ‘சி’ என்று கண்டால் கார்னெட்காரரும் டியூபாக்காரரும் வால்வை (விரலால் அழுத்தும் உருளையை) தொடாமலே ஊதுவார்கள். ஒலிப்பது மட்டும் பி ஃப்ளாட் கருவியில் பி ஃப்ளாட்டாகவும், இ ஃப்ளாட் கருவியில் இ ஃப்ளாட்டாகவும் இருக்கும். கார்னெட்டில் கற்ற விரல் டெனர் ஹார்னுக்கும் யூஃபோனியத்துக்கும் அப்படியே பொருந்துவதால், பேண்டில் எந்த இடம் காலியோ அங்கே நகரலாம். ஆனால் மௌத்பீஸின் (உதடு வைத்து ஊதும் முனையின்) அகலம் மாறுவதால் உதடு பழகச் சில வாரங்கள் பிடிக்கும். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் கருவி மாறாதீர்கள்.

ட்ரம்பெட் வைத்திருப்பவர் கார்னெட் வரிசையில் அதையே ஊதலாமா என்று கேட்பதுண்டு. விரல் ஒன்றுதான், ஒலி வேறு. ட்ரம்பெட்டின் கூர்மை அந்த வரிசையில் தனியாகத் துருத்தி நிற்கும். முடிந்தால் பேண்டிடமிருந்தே ஒரு கார்னெட்டை இரவல் வாங்குங்கள், ஆழமான கிண்ணமுள்ள கார்னெட் மௌத்பீஸோடு. ட்ரம்பெட் மௌத்பீஸின் தண்டு தடிமன் அதிகம். கார்னெட்டில் அது சரியாக உட்காராது.

புதியவருக்கு முதலில் மூன்றாம் கார்னெட்டோ, இரண்டாம் பாரிட்டோனோ, இரண்டாம் டெனர் ஹார்னோ கிடைக்கும். உச்சச் சுரங்கள் குறைவு, ஓய்வு பார்கள் (ஊதாமல் எண்ணிக் காத்திருக்கும் தாளச் சுற்றுகள்) அதிகம், கவனித்துக் கற்க நேரம் இருக்கும். பேண்டிலேயே ஒருவர் மட்டும் வாசிக்கும் கருவியில், உதாரணமாக ஃப்ளூகல்ஹார்னில், தொடக்கத்திலேயே உட்கார ஒப்புக்கொள்ளாதீர்கள். தவறினால் தாங்கிப்பிடிக்க அங்கே பக்கத்தில் ஆள் இல்லை.

கருவியை ஒழுங்காக வைத்திருக்க

ஒத்திகையில் நேரம் வீணாவதற்குப் பாதிக் காரணம் ஒட்டிக்கொள்ளும் வால்வுதான். ஊதும் நாள்களில் ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு மூன்று சொட்டு வால்வு ஆயில் போடுங்கள். மேல் மூடியைத் திருகி, வால்வைப் பாதி வெளியே இழுத்து, உருளையின் அகன்ற பகுதியில் விட்டு, நேராக உள்ளே இறக்கி, மெதுவாகத் திருப்பினால் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். ஆயில் போட்ட பிறகு காற்றே போகவில்லை என்றால் கருவி கெட்டுவிடவில்லை. வால்வு திரும்பி உட்கார்ந்திருக்கிறது, அல்லது இரண்டு வால்வுகள் இடம் மாறியிருக்கின்றன. வால்வின் மேல் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். மௌத்பீஸுக்கு அருகில் இருப்பது 1.

ஸ்லைடுகளுக்கு (இழுத்து நீட்டும் குழாய்களுக்கு) வால்வு ஆயில் உதவாது, ஸ்லைடு கிரீஸ் வேண்டும். ஒரு வால்வின் ஸ்லைடை இழுக்கும்போது அந்த வால்வை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தாமல் இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, ‘பொப்’ என்று பிடுங்கிக்கொண்டு வரும். நாளடைவில் பொருத்தம் தளரும். மௌத்பீஸை உள்ளங்கையால் தட்டி ‘பொக்’ என்று ஓசை எழுப்பும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படித்தான் அது இறுகிச் சிக்கிக்கொள்கிறது. சிக்கினால் இடுக்கியைத் தொடவே கூடாது, முன்குழாய் முறுக்கிக்கொள்ளும். மௌத்பீஸ் புல்லர் என்ற கருவியைப் பெரும்பாலும் பேண்டிலேயே யாராவது வைத்திருப்பார்கள்.

மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். சூடான நீர் லாக்கர் பூச்சை உரித்துவிடும். மௌத்பீஸை மட்டும் வாரம் ஒருமுறை தூரிகையால் தேய்க்கலாம்.

வீட்டுப் பயிற்சி

வாரம் ஐந்து நாள் முப்பது நிமிடம் ஊதுவது, ஒரே நாளில் இரண்டரை மணி நேரம் ஊதுவதைவிட எவ்வளவோ மேல். உதட்டைச் சுற்றியுள்ள தசைகள் ஓய்வில்தான் வலுப்பெறும்.

முதல் எட்டு நிமிடம் நீண்ட சுரங்கள். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நடு ‘ஜி’யில் தொடங்கி, ஒவ்வொன்றையும் எட்டு எண்ணிக்கை, மெல்லிய ஒலியில் அசையாமல் பிடியுங்கள். அடுத்த ஏழு நிமிடம் வால்வை மாற்றாமல் உதட்டாலும் காற்றாலும் மட்டும் சி–ஜி–சி என்று ஏறி இறங்குவது. ஐந்து நிமிடம் ஸ்கேல். பேண்டுப் பாட்டுகளில் ஃப்ளாட் ஸ்கேல்கள் அதிகம் என்பதால், பி ஃப்ளாட் கருவிக்காரர் சி, எஃப், பி ஃப்ளாட் மேஜரையும், இ ஃப்ளாட் கருவிக்காரர் ஜி, சி, எஃப் மேஜரையும் முதலில் கைக்குள் கொண்டுவர வேண்டும். மீதிப் பத்து நிமிடம் பேண்டுத் தாளுக்கு. தெரிந்த பகுதியைத் திரும்பத் திரும்ப ஊதி மகிழ வேண்டாம். சிக்கும் நான்கு பாரை மட்டும் எடுத்து, பாதி வேகத்தில் மூன்று முறை தவறில்லாமல் வந்தபின் நான்கு நான்காக மெட்ரோனோமை ஏற்றுங்கள்.

உச்சச் சுரம் வராதபோது மௌத்பீஸை உதட்டில் அழுத்துவதே எல்லோருக்கும் முதல் எண்ணம். அழுத்தினால் அந்தச் சுரம் வரும். ஆனால் ரத்த ஓட்டம் தடைபட்டு, இருபது நிமிடத்தில் உதடு மரத்துவிடும். வாயோரங்களை இறுக்கி, நடுவை இளக விட்டு, காற்றின் வேகத்தைக் கூட்டுவதுதான் வழி. சுண்டுவிரலைக் கொக்கியில் மாட்டாமல் அதன் மேல் வைத்து ஊதிப் பார்த்தால், இதுவரை எவ்வளவு அழுத்தியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

சுருதி

குளிர்ந்த கருவி சுருதி குறைந்து ஒலிக்கும். உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). வந்ததும் பெட்டியைத் திறந்து உடனே சுருதி சேர்ப்பதில் பயனில்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் மாறிவிடும். முதலில் நன்றாக ஊதிச் சூடாக்குங்கள். டியூபா போன்ற பெரிய கருவிக்கு இன்னும் நேரம் வேண்டும். பாட்டுகளுக்கு இடையே நீண்ட பேச்சு நடந்தால், ஓசை எழாமல் வெறும் காற்றை உள்ளே அனுப்பிக்கொண்டிருங்கள்.

‘கான்சர்ட் பி ஃப்ளாட்’ (உண்மையில் ஒலிக்கும் பி ஃப்ளாட்) என்று நடத்துநர் சொன்னால் பி ஃப்ளாட் கருவிக்காரர் தன் ‘சி’யையும், இ ஃப்ளாட் கருவிக்காரர் தன் ‘ஜி’யையும் ஊத வேண்டும். சுருதி கூடுதலானால் முதன்மை ஸ்லைடை வெளியே இழுங்கள். கார்னெட்டின் குழாய் ஏறத்தாழ 1.4 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் இழுத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 2 சென்டிமீட்டர் நீளம் கூடும்; சுருதி அரைச்சுரத்தில் கால் பங்கு இறங்கும். யூஃபோனியத்தின் குழாய் இரண்டு மடங்கு நீளம், அதனால் அதே இழுப்புக்குப் பாதி விளைவுதான்.

ஆனால் ஸ்லைடு ஒரு சுரத்தைத்தான் சரிசெய்யும். கருவியின் இயல்பான கோணல்கள் அப்படியே இருக்கும். இரண்டாம் வால்வு அரைச்சுரம், முதலாவது இரண்டு அரைச்சுரம், மூன்றாவது மூன்று அரைச்சுரம் இறக்கும். சேர்த்து அழுத்தும்போது கணக்கு உதைக்கிறது: முதல் வால்வை அழுத்தியதும் கருவி நீண்டுவிடுகிறது, நீண்ட கருவிக்கு மூன்றாம் வால்வின் குழாய் போதவில்லை. அதனால் 1, 3 சேர்த்து ஊதும் கீழ் ‘டி’ சுருதி கூடுதலாகவும், மூன்றையும் அழுத்தும் ‘சி ஷார்ப்’ இன்னும் கூடுதலாகவும் வரும். கார்னெட்டில் மூன்றாம் வால்வு ஸ்லைடுக்கு விரல் வளையம் இருப்பதே இதற்காகத்தான். அந்த இரு சுரங்களுக்கும் அதை வெளியே தள்ளுங்கள். நான்கு வால்வு யூஃபோனியத்திலும் டியூபாவிலும் 1, 3க்குப் பதில் 4, மூன்றுக்கும் பதில் 2, 4. டேவிட் பிளெய்க்லி 1874இல் வடிவமைத்த காம்பென்சேட்டிங் அமைப்புள்ள கருவிகளில் வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது காற்று கூடுதல் குழாய்கள் வழியாகச் சுற்றி வந்து இந்தக் குறையை ஈடுகட்டும்.

மேல் இடைவெளியில் வரும் திறந்த ‘இ’ இதற்கு நேர்மாறு: ஐந்தாம் ஹார்மோனிக் (ஒரே குழாயில் இயல்பாக எழும் சுர வரிசையில் ஐந்தாவது) என்பதால் ட்யூனரில் (சுருதி காட்டும் கருவியில்) 14 சென்ட் வரை குறைவாகக் காட்டும். சி மேஜர் கார்டின் நடுச் சுரமாக வந்தால் அந்தக் குறைவுதான் இனிமை, அப்படியே விடுங்கள். தனி மெட்டில் வந்தால் உதட்டால் சற்றே ஏற்றுங்கள். ட்யூனரின் முள்ளை மட்டும் நம்புகிறவர் இந்த வித்தியாசத்தைக் கடைசிவரை கேட்க மாட்டார். பேண்டில் சுருதியின் ஆதாரம் பாஸ்தான். பாஸைக் கேட்டு, அதன் மேல் உங்கள் சுரத்தை வையுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு உரசல் அலைபோலத் துடித்தால் இருவரில் ஒருவர் நகர வேண்டும். துடிப்பு வேகம் குறையும் திசை சரியான திசை.

ஒத்திகையில்

கால் மணி நேரம் முன்னதாக வாருங்கள். பென்சில் கட்டாயம், பேனா கூடாது. தாள் பேண்டின் சொத்து. அதே இடத்தில் இரண்டாம் முறை தவறினால் குறித்துவிடுங்கள்: மறந்துபோகும் ஃப்ளாட், திரும்பப் போகும் இடம், மூச்சு எடுக்கும் இடம்.

மூச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார் கோட்டில் மூச்சு எடுப்பது இயல்பாக வரும். எல்லோரும் அங்கேயே எடுத்தால் பாட்டில் ஓட்டை விழும். ஒரே பாகத்தை வாசிக்கும் இருவர் முன்கூட்டியே பேசி, ஒருவர் பாரின் நடுவிலும் மற்றவர் அடுத்த பாரிலும் எடுக்க வேண்டும். நீண்ட சுரத்தின் இடையே சத்தமின்றி விட்டு, மூச்செடுத்து, நாக்குத் தட்டாமல் மெல்ல மீண்டும் நுழையலாம்.

ஓய்வு பார்களை எண்ணும்போது ‘1-2-3-4, 2-2-3-4, 3-2-3-4’ என்று பார் எண்ணை முதல் அடியில் வைத்து எண்ணுங்கள். வழி தவறினால் நிறுத்திவிட்டுப் பாஸையும் தாளத்தையும் கேட்டு, அடுத்த ஒத்திகை எழுத்தில் (தாளில் பகுதிகளைக் குறிக்கும் A, B, C எழுத்தில்) சேர்ந்துகொள்ளுங்கள். தட்டுத்தடுமாறித் தொடர்ந்து ஊதினால் பக்கத்தில் இருப்பவரும் வழி தவறுவார்.

எவ்வளவு சத்தம்? பக்கத்து ஆளின் ஒலி கேட்காவிட்டால் நீங்கள் அதிகம் ஊதுகிறீர்கள். கீழ்க் கருவிகள் அகலமாகவும் மேல் கருவிகள் அவற்றின் மேல் இலேசாகவும் அமர்ந்தால்தான் கார்டு நிறையும். மெல்ல ஊதச் சொன்னதும் காற்றை நிறுத்திவிடுவது பொதுவான பிழை. சுரம் நடுங்கி அறுந்துபோகும். காற்றின் அளவைக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். டிராம்போன்களுக்கோ தாளக் கருவிகளுக்கோ நேர்முன்னால் உட்காருகிறவர் காதடைப்பான் வாங்கிவிட வேண்டும். இசைக்காரர்களுக்கென்று செய்தவை எல்லா அலைவரிசையையும் சமமாகக் குறைக்கும் என்பதால் சுருதி தெளிவாகவே கேட்கும்.

வெளியிலும் நடையிலும்

திறந்தவெளியில் சுவரிலிருந்து ஒலி திரும்பி வராது; எல்லோருக்கும் தன் ஒலி சிறுத்ததுபோல் தோன்றும். ஈடுகட்ட முயன்றால் மூன்றாம் பாட்டுக்குள் உதடு போய்விடும். வழக்கமான அளவிலேயே ஊதுங்கள். ஒரு ஸ்டாண்டுக்குத் துணி கிளிப் நான்கு வேண்டும். தாள்களை வாசிக்கும் வரிசையில் அடுக்கி, இரண்டு பக்கமும் மாட்டுங்கள்.

நடந்துகொண்டே ஊதும்போது இடது காலில் தொடங்கி, ஒவ்வொரு பாரின் முதல் அடியும் இடது காலில் விழ வேண்டும். அணிநடை மார்ச்சுக்கு நிமிடத்துக்கு 120 அடி என்பது வழக்கமான வேகம். குதிகால் முதலில் பதிந்து விரல்களுக்கு உருளும் நடை வேண்டும். தடதடவென்று மிதித்தால் மௌத்பீஸ் பல்லில் மோதும். மேடு பள்ளத்தில் சுரத்தை விட்டுவிடுங்கள், பல் முக்கியம்.

முடிந்ததும் வாட்டர் கீயை (நீர் வடிக்கும் சிறு மூடியை) திறந்து ஊதி, உள்ளே தேங்கிய நீரை வெளியேற்றுங்கள். அது பெரும்பாலும் மூச்சின் ஈரம் குளிர்ந்து படிந்ததே. மௌத்பீஸைக் கழற்றித் தனிப் பையில் போட்டு, வெளிப்புறத்தை மென்துணியால் துடைத்து, பெட்டியை மூடுங்கள். நோட்டுத் தாள்களைப் பெட்டிக்குள் கருவிமேல் வைத்து அழுத்தி மூடாதீர்கள். வால்வுத் தண்டுகள் வளைவது இப்படித்தான்.